ஸ்னோமொபைல் டிராக் இறுக்க ஸ்டாண்டும் அளவுகோலும்: எதற்குக் காசு கொடுக்கலாம்?

அவசரத்தில் இருப்பவர்களுக்காகத் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஸ்னோமொபைல் பனியில் ஓடும் வண்டி; அதன் அடியில் சுற்றி அதை நகர்த்தும் ரப்பர் பட்டைதான் டிராக். வண்டியின் பின்பக்கத்தைத் தூக்கி நிறுத்தும் நெம்புகோல் ஸ்டாண்டு இல்லாமல் டிராக் வேலையில் கை வைக்காதீர்கள். அதை நல்லதாகப் பார்த்து வாங்குங்கள். டிராக்கின் இறுக்கத்தை அளக்கும் ஸ்பிரிங் கோல் தேவையா என்பது உங்கள் வண்டி எந்தக் கம்பெனி என்பதைப் பொறுத்தது. இரண்டையும் ஒரே பெட்டியில் போட்டு 'வீட்டிலேயே டிராக் சரிசெய்யும் செட்' என்று விற்கிறார்கள். நான் வாங்கியது அந்தச் செட்டைத்தான். ஏறக்குறைய இதே சாமான் வேறு வேறு பெயர் ஒட்டி வருவதால் பெயரை விட்டுவிட்டுப் பொருளைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

என் பிழைப்பே கன்வேயர் பெல்ட்தான். கிடங்குகளில் ஓடும் பெல்ட்டுகளை இறுக்குவதும் நடுவில் ஓடவைப்பதும்தான் அன்றாட வேலை. அதனால் ஸ்னோமொபைல் டிராக் எனக்கு அந்நியமாகத் தெரியவில்லை. ஆனால் ஒரு முக்கியமான வேறுபாடு உண்டு. கன்வேயர் பெல்ட் ஒரு பக்கம் ஒதுங்கினால் உடனே தெரிந்துவிடும். ஓரம் சட்டத்தில் உரசி நூல் நூலாகப் பிரியும், ஆட்கள் கூப்பிட ஆரம்பித்துவிடுவார்கள். ஸ்னோமொபைல் டிராக் அப்படிக் காட்டிக்கொடுக்காது. அதை இழுப்பது வழவழப்பான உருளை இல்லை, பல்சக்கரம். கனடாவின் ஜோசப்-அர்மான் பொம்பார்டியே 1937-இல் பல்சக்கரமும் டிராக்கும் சேர்ந்த அமைப்புக்குக் காப்புரிமை வாங்கினார்; இன்று வரும் வண்டிகளிலும் அடிப்படை அதுதான். உள்பக்கத்து ரப்பர் கட்டைகளைப் பல் பிடித்துத் தள்ளுகிறது. டிராக்கில் மாட்டியிருக்கும் உலோகக் கிளிப்புகள் சஸ்பென்ஷனின் இரண்டு ரெயில்களுக்கு, அதாவது நீளச் சட்டங்களுக்கு, அடியில் வழுக்கிக்கொண்டு போகின்றன. ஆகவே டிராக் கோணலாக இருந்தாலும் சட்டென்று கழன்று விழாது. கிளிப் ரெயிலின் ஒரு பக்கத்தை அழுத்திக்கொண்டே ஓடும். ரெயிலுக்கு அடியில் இருக்கும் பிளாஸ்டிக் பட்டை, அதாவது ஹைஃபாக்ஸ், ஒரு ஓரமாகச் சூடாகித் தேயும். வண்டி கொஞ்சம் மந்தமாக இருக்கிறதே என்று பனியைக் குறை சொல்லிக்கொண்டு நாமும் ஓட்டிக்கொண்டிருப்போம்.

இறுக்கமும் அப்படித்தான். தொய்வு அதிகமானால் பல்சக்கரம் ஒரு பல் தாவும். வேகமாகக் கிளப்பும்போதோ பிரேக் அடிக்கும்போதோ காலடியில் 'டம் டம்' என்று அடிப்பது அந்தத் தாவல்தான். இறுக்கம் அதிகமானால் சத்தமே இருக்காது. எஞ்சின் சக்தியைத் தின்னும், ஹைஃபாக்ஸைத் தின்னும், பின்சக்கர பேரிங்கைத் தின்னும். சத்தம் போடுகிறதே என்று பயந்து எல்லாரும் இறுக்கும் பக்கமே போகிறார்கள். அமைதியாக ஓடுகிறதே, சரியாகத்தான் இருக்கும் என்று நம்பிவிடுகிறார்கள்.

சரி, ஸ்டாண்டுக்கு வருவோம்.

இரும்புக் குழாயில் செய்தது, கீழே இரண்டு சின்னச் சக்கரம், மேலே ஒரு கொக்கி, நீளமான கைப்பிடி. கொக்கியை வண்டியின் பின் பம்பரில் மாட்டி, கைப்பிடியை உடம்பு எடையோடு கீழே அழுத்தினால் பின்பக்கம் எழும்பிவிடும். இடுப்பைப் பிடித்துக்கொண்டு 'ஐயோ அம்மா' என்று தூக்குகிற வேலையெல்லாம் இல்லை. தனி ஆளாகத் தூக்கலாம். மேலே போனதும் ஒரு பூட்டு 'டக்' என்று விழுகிறது. அந்தப் பூட்டுதான் எனக்கு இந்த ஸ்டாண்டில் பிடித்த விஷயம். வெறும் பின்னைச் சொருகும் மாடல்களும் வருகின்றன. அதிர்வில் பின் மெல்ல நழுவும் சாத்தியம் எனக்குப் பிடிப்பதில்லை. மேலே தொங்குவது சும்மா நிற்கும் வண்டி இல்லை, எஞ்சின் ஓடி டிராக் சுற்றப்போகும் வண்டி.

அடிப்பாகத்தின் அகலம் போதுமானது. தூக்கிய பிறகு ஸ்டீயரிங்கைப் பிடித்து இரண்டு பக்கமும் ஆட்டிப் பார்த்தேன், அசையவில்லை. கொக்கிக்கு ரப்பர் உறை கொடுத்திருக்கிறார்கள். ஆனால் உறை உள்பக்கம் மட்டும்தான் இருக்கிறது. கொக்கியின் முனை வெற்று இரும்பு, பம்பரில் பெயின்டைச் சுரண்டும். பழைய சைக்கிள் டியூபை ஒரு சுற்று சுற்றிவிட்டால் தீர்ந்தது.

பெரிய குறை உயரம். 121 அங்குலம், 137 அங்குல டிராக் வண்டிகளுக்குத் தாராளம். என்னுடையது 154 அங்குலம், டிராக்கின் வெளிப்பக்கத்தில் பனியைத் தள்ளும் துடுப்பு இரண்டரை அங்குலம். பின்பக்கத்தைத் தூக்கும்போது சஸ்பென்ஷன் தன் எடையில் கீழே தொங்கும். கூடவே டிராக்கும் தொங்கும். ஸ்டாண்டைக் கடைசி உயரம் வரை தூக்கியும் துடுப்புக்கும் தரைக்கும் நடுவே இரண்டு விரல்தான் நுழைந்தது. அதற்குள் டிராக்கைக் கையால் இழுத்துத் தொய்வு பார்த்தால் துடுப்பு தரையில் தட்டுகிறது. எஞ்சின் ஓடும்போது தட்டினால் வண்டி ஸ்டாண்டோடு முன்னால் பாயும். நான் ஸ்டாண்டின் கீழே கனமான பலகை ஒன்றைப் போட்டு, அதிலேயே போல்ட் அடித்து இறுக்கிவிட்டேன். பெட்டியின் மேல் 'எல்லா வண்டிக்கும் பொருந்தும்' என்று அச்சடித்திருக்கிறார்கள். ஆழப்பனியில் ஓட்டும் நீள டிராக் வண்டிக்காரர்கள் அந்த வரியை நம்பாமல் உயர அளவைக் கேட்டு வாங்குங்கள்.

அடுத்தது கோல். பேனா டார்ச் மாதிரி ஒரு குழாய், உள்ளே ஸ்பிரிங், மேலே அழுத்தும் தண்டு. குழாயில் ஒரு பக்கம் சென்டிமீட்டரும் அங்குலமும், தண்டில் கிலோவும் பவுண்டும். இரண்டு சின்ன ரப்பர் வளையங்கள். கீழ் வளையத்தை, டிராக் எவ்வளவு தொய்ய வேண்டுமோ அந்த அளவில் நிறுத்த வேண்டும். மேல் வளையத்தைப் பூஜ்யத்தில் தள்ளிவைக்க வேண்டும். டிராக்குக்குள் அதைத் தாங்கிச் சும்மா சுற்றும் ஐட்லர் சக்கரங்களில் முன்னதற்கும் பின்னதற்கும் நடுவில், டிராக்கின் உள்பக்கத்தில் கோலின் முனையை ஊன்றி, கீழ் வளையம் ஹைஃபாக்ஸின் அடிவிளிம்புக்கு நேராக வரும்வரை கீழ்நோக்கி அழுத்த வேண்டும். கையை எடுத்தால் ஸ்பிரிங் திரும்பிவிடும், மேல் வளையம் மட்டும் எந்த எடை வரை போனதோ அங்கேயே நிற்கும். ஸ்கி-டூ கையேட்டில் சொல்கிற முறை அச்சு அசலாக இதுதான். அந்தக் கம்பெனியே இப்படி ஒரு கருவியை வெகுகாலமாக விற்கிறது. என் வண்டிக்குக் கையேடு கேட்கும் எடை 7.3 கிலோ, அதாவது 16 பவுண்டு.

வேலை செய்கிறதா? செய்கிறது. எடைத்தராசின் மேல் வைத்து அழுத்திச் சோதித்தேன். ஏழு கிலோவை ஒட்டிய இடத்தில் கோலும் தராசும் கிட்டத்தட்ட ஒத்துப்போகின்றன. ஐந்து கிலோவுக்குக் கீழே வந்தால் கோல் கொஞ்சம் புளுகுகிறது. ஸ்பிரிங் ஆரம்பத்தில் பிடித்துப் பிடித்து நகர்வது கையிலேயே தெரியும். இன்னொன்று, குளிரில் விட்டுவைத்தால் ரப்பர் வளையம் விறைத்துப்போய்த் தண்டை இறுகப் பிடித்துக்கொள்கிறது. கோலைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு போய், வெதுவெதுப்பாக எடுத்து அளந்தால் நல்லது.

ஆனால் இங்கேதான் விஷயம் இருக்கிறது. எல்லாக் கம்பெனியும் ஒரே மாதிரி அளக்கச் சொல்வதில்லை. போலாரிஸ் கையேடுகள், பின் ஐட்லர் சக்கரத்தின் மையத்திலிருந்து 16 அங்குலம் முன்னால் 10 பவுண்டு எடையைத் தொங்கவிட்டுத் தொய்வைப் பார்க்கச் சொல்கின்றன. 10 பவுண்டு என்றால் நாலரைக் கிலோ. கோல் புளுகுகிற இடம். யமஹாவில் 10 கிலோ இழுவை. என் மச்சினன் வைத்திருப்பது யமஹா. அவனுக்கு நான் சொன்ன யோசனை, கேனில் பத்து லிட்டர் தண்ணீர் பிடித்துக் கயிறு கட்டித் தொங்கவிடு, கேனின் எடைக்குக் கொஞ்சம் தண்ணீரைக் குறைத்துக்கொள், ஸ்கேலால் இடைவெளியை அள, முடிந்தது. பெட்டி எடை பார்க்கும் கொக்கித் தராசு இருந்தால் அதையே டிராக்கில் மாட்டிக் கீழே இழுக்கலாம். தொங்குகிற எடை பொய் சொல்லாது; இரண்டு கையும் ஸ்கேல் பிடிக்கக் காலியாக இருக்கும். ஸ்கி-டூ வைத்திருப்பவர்களுக்குக் கோல் வசதி. மற்றவர்களுக்கு அது அழகுப் பொருள்தான்.

எவ்வளவு தொய்வு என்பது வண்டிக்கு வண்டி மாறும். மூன்று சென்டிமீட்டர் அக்கம்பக்கம் என்று பொதுவாகச் சொல்லலாமே தவிர, உங்கள் மாடலின் கையேட்டைப் பார்க்காமல் அதை வேதவாக்காக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

செட்டோடு வந்த விளக்கத்தாளைப் பற்றிக் கொஞ்சம் கோபமாகவே எழுத வேண்டியிருக்கிறது. ஆறு படம் போட்டிருக்கிறார்கள். ஸ்டாண்டைப் பூட்டும் படம், கோலை அழுத்தும் படம், போல்ட்டைத் திருகும் படம், கடைசியில் சிரித்துக்கொண்டு வண்டி ஓட்டும் ஆள். அலைன்மெண்ட், அதாவது டிராக்கை நடுவில் ஓடவைப்பது, என்ற பேச்சே இல்லை. இறுக்குவதோடு வேலை முடிந்துவிடுகிறது என்று நினைத்துப் பூட்டி அனுப்பும் ஆள்தான் ஹைஃபாக்ஸைத் தேய்க்கப்போகிறவர். விட்டுப்போனதையெல்லாம் இங்கே எழுதிவிடுகிறேன், தாளைத் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

குளிர்ந்து கிடக்கும் டிராக்கை அளக்காதீர்கள். பனியில் பதினைந்து இருபது நிமிடம் ஓட்டி ரப்பரைத் தளர்த்திவிட்டு வாருங்கள். வந்ததும் சஸ்பென்ஷனுக்குள் அடைந்திருக்கும் பனிக்கட்டியைச் சுத்தமாகத் தட்டி எடுங்கள். சக்கரத்துக்கும் டிராக்குக்கும் நடுவே ஒரு கட்டி மாட்டிக்கொண்டிருந்தால் உங்கள் அளவு முழுக்கத் தப்பு. அப்புறம் தூக்கி, எஞ்சின் நின்றிருக்கும் நிலையில் அளக்கலாம். நான் ஒரே இடத்தில் அளந்து நிறுத்துவதில்லை. டிராக்கைக் கையால் சுற்றி இன்னும் ஓரிரு இடத்திலும் பார்ப்பேன். பெல்ட் வேலையில் வந்த பழக்கம்.

பின் ஆக்சில் போல்ட்டைத் தளர்த்த வேண்டும், கழற்றக் கூடாது. சரிசெய்யும் போல்ட் இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று. இரண்டையும் சமமாகத் திருக வேண்டும். இந்தக் கட்டத்தில் பழைய வண்டிகளில் போல்ட் நகராது. அலுமினியத்துக்குள் இரும்பு போல்ட், நடுவே ஈரம், இறுகிப்போய்க் கிடக்கும். ஊடுருவும் எண்ணெய் விட்டு முந்தின இரவே ஊறவிடுங்கள். ஸ்பேனரில் குழாய் மாட்டி முறுக்கினால் தலை கையோடு வந்துவிடும்.

இறுக்கம் சரியானதும் அலைன்மெண்ட். எஞ்சினைக் கிளப்பி, டிராக் மெல்லச் சுற்றுகிற அளவுக்கு மட்டும் ஆக்ஸிலேட்டரை அழுத்தி, எஞ்சினை நிறுத்தி, டிராக் தானாக ஓடி நிற்கும்வரை விட வேண்டும். பிரேக் பிடிக்கக் கூடாது. பிடித்தால் டிராக் இயல்பாக எங்கே ஓடுமோ அந்த இடத்தில் நிற்காது. இதற்குத்தான் மச்சினனைக் கூப்பிடுவேன். அவன் இழுத்தால் எஞ்சினை நிறுத்தும் பாதுகாப்புக் கயிற்றைக் கையில் மாட்டிக்கொண்டு ஆக்ஸிலேட்டரைப் பிடிப்பான், நான் பக்கவாட்டில் தள்ளி நிற்பேன்.

"மாமா, இன்னும் கொஞ்சம் வேகம் கொடுக்கவா?"

"வேண்டாம்டா, சுத்தினா போதும். நிறுத்து."

எப்போது கூப்பிட்டாலும் அந்தக் கேள்வியைக் கேட்பான், நானும் அந்தப் பதிலைச் சொல்வேன். சுற்றும் டிராக்குக்குப் பின்னால் யாரும் நிற்கக் கூடாது. இடுக்கில் மாட்டிய கல், பனிக்கட்டி, கழன்ற ஆணி எதுவானாலும் நேராகப் பின்னால்தான் பறக்கும். வண்டியின் பின்பக்கத்தைக் கனமான சுவர் பக்கம் திருப்பி நிறுத்துங்கள், கதவைத் திறந்துவையுங்கள். மூடிய கொட்டகையில் எஞ்சின் ஓட்டினால் புகை ஆளைக் கொன்றுவிடும். நேரமும் குறைவாக இருக்கட்டும். ஹைஃபாக்ஸைக் குளிர்விப்பதே பனிதான், ஸ்டாண்டின் மேல் அது இல்லை.

டிராக் முழுதாக நின்ற பிறகு, எஞ்சின் நின்றிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு, பின்னால் குனிந்து பாருங்கள். ரெயிலுக்கும் கிளிப்பின் மடிந்த விளிம்புக்கும் நடுவே இருக்கும் இடைவெளி இரு பக்கமும் சமமா? டிராக் இடப்பக்கமாக ஒதுங்கியிருந்தால் இட போல்ட்டை இறுக்க வேண்டும். இறுக்கிய பக்கத்தை விட்டு, தளர்ந்த பக்கத்துக்குத்தான் டிராக் போகும். கன்வேயரிலும் இதே கதைதான். புதிதாக வேலைக்கு வருகிற பையன்கள் எல்லாரும் தலைகீழாகத்தான் யோசிப்பார்கள்.

கால் சுற்றுக்கு மேல் போகாதீர்கள். 10 மில்லி போல்ட்டில் மறையின் இடைவெளி வழக்கமாக 1.5 மில்லி, கால் சுற்றுக்கு ஆக்சில் நகர்வது 0.4 மில்லிகூட இல்லை. அவ்வளவு போதும், டிராக் பதில் சொல்லும். கால் சுற்று, ஒரு ஓட்டம், ஒரு பார்வை, இப்படியே போக வேண்டியதுதான். தொய்வு ஏற்கெனவே குறைந்தபட்ச அளவில் இருந்தால், ஒதுங்கிய பக்கத்தை இறுக்குவதற்குப் பதிலாக எதிர்ப்பக்கத்தைக் கால் சுற்று தளர்த்துங்கள். பலன் ஒன்றுதான், மொத்த இறுக்கம் ஏறாது. சிலர் ஆக்சிலிலிருந்து ரெயில் முனை வரை டேப் வைத்து இரு பக்கமும் சமமாக்கிவிட்டு முடிந்தது என்கிறார்கள். ஆரம்பிக்க அது நல்ல இடம், அவ்வளவே. ரெயில் லேசாக வளைந்திருந்தாலும், டிராக் ஒரு பக்கம் கூடுதலாக நீண்டிருந்தாலும் டேப் சமம் என்று சொல்லும், டிராக் ஒதுங்கிக்கொண்டேதான் இருக்கும்.

கடைசியாக ஆக்சில் போல்ட்டை டார்க் ரெஞ்சால் கையேட்டில் சொன்ன அளவுக்கு இறுக்குங்கள், லாக் நட்டு இருந்தால் அதையும். இறுக்கும்போது ஆக்சில் மயிரிழை நகரும். அதனால் இறுக்கிய பிறகு தொய்வையும் இடைவெளியையும் இன்னொரு முறை பார்க்காமல் வண்டியைக் கீழே இறக்காதீர்கள். விளக்கத்தாளில் இந்த ஒரு வரியையாவது போட்டிருக்கலாம்.

எவ்வளவு திருகியும் டிராக் நடுவுக்கு வரவில்லையென்றால் போல்ட்டைத் திருகுவதை நிறுத்துங்கள். ஐட்லர் சக்கரங்களை ஒவ்வொன்றாகக் கையால் சுற்றுங்கள். கரகரவென்று சுற்றினாலோ ஆட்டம் இருந்தாலோ பேரிங் போய்விட்டது. கிளிப் ஏதாவது வளைந்திருக்கிறதா, கழன்றிருக்கிறதா என்று ஒரு சுற்று முழுக்கப் பாருங்கள். ஹைஃபாக்ஸில் தேய்மானக் கோடு போட்டிருப்பார்கள், அதைத் தாண்டியிருந்தால் முதலில் அதை மாற்றிவிட்டுத்தான் அளவெல்லாம். புது டிராக் போட்டிருப்பவர்களுக்கு இன்னொன்று: அது ஆரம்பத்தில் நீளும். போட்ட அன்று பார்த்த அளவை நம்பிச் சீசன் முழுக்க ஓட்ட முடியாது, சீக்கிரமே திரும்ப ஒரு முறை தூக்கிப் பார்க்க வேண்டும்.

செட்டுக்கு மதிப்பெண் என்று கேட்டால், ஸ்டாண்டுக்கு ஐந்துக்கு நாலு. உயரம் இருந்தால் ஐந்தே கொடுத்திருப்பேன். கோலுக்கு ஸ்கி-டூக்காரர்கள் மூன்றரை கொடுக்கலாம். போலாரிஸ், யமஹாக்காரர்கள் ஸ்டாண்டைத் தனியாக வாங்குங்கள், தனியாகவும் கிடைக்கிறது. செட்டாக வாங்கினால் ஏதோ மிச்சமாகிற மாதிரி தோன்றும், தேவையில்லாத பொருள் மலிவாகக் கிடைத்து என்ன பிரயோஜனம். வாங்குகிறவர்கள் பெட்டியைத் திறந்ததும் இரண்டு வளையங்களும் இருக்கின்றனவா என்று எண்ணிப் பாருங்கள். உபரி வளையம் கொடுப்பதில்லை. தொலைந்தால் கம்பெனிக்கு எழுத வேண்டாம், குழாய் ரிப்பேர் சாமான்களில் வரும் ரப்பர் ஓ-ரிங் தண்டில் இறுக்கமாக உட்காரும் அளவில் கிடைத்தாலே போதும். நான் போட்டிருப்பது அதுதான், குளிரில் அசல் வளையத்தை விட நன்றாகவே நகர்கிறது.